வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஒரு மேஜை

லேப்டாப்போடு உட்கார புறநகரில் நல்ல கஃபேயைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடித்த இடத்தைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி?

சென்னைப் புறநகரில் ஓர் இரண்டு படுக்கையறை வீடு. மேடவாக்கம், சேலையூர், ஆவடி, எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஓர் அறையில் கணவர் மீட்டிங்கில் இருக்கிறார். இன்னோர் அறையில் மனைவி வேறொரு மீட்டிங்கில். ஹாலில் மாமியார் டிவி சத்தத்தை அறவே குறைத்துவிட்டு, உதட்டசைவை வைத்தே சீரியலைப் புரிந்துகொள்கிறார். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு வாசலிலேயே எச்சரிக்கை: "அம்மா கால்ல இருக்காங்க, சத்தம் போடாதே." மாடி வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். கீழே குப்பை வண்டியின் பாட்டு.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது இது சில வாரத்துச் சங்கடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொற்று ஓய்ந்தது, அலுவலகங்கள் திறந்தன. ஆனால் வேலை முழுதாக அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே, மீதி நாள் வீட்டில் என்ற ஏற்பாடு பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. அலுவலகமே இல்லாமல் வேலை பார்க்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள்: மொழிபெயர்ப்பாளர்கள், டிசைனர்கள், கணக்கு எழுதுபவர்கள், ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ராத்திரி பகலாக கோடு எழுதும் இளைஞர்கள். இவர்கள் எல்லோருக்கும் வீடு போதவில்லை. ஆவடியில் வீடும் சிறுசேரியில் வேலையுமாக இருப்பவருக்கு, அலுவலகம் போய்த் திரும்புவதே பாதி நாளைத் தின்றுவிடுகிறது.

ஆகவேதான் பக்கத்துத் தெரு கஃபே. அது வெட்டிப் பொழுதுபோக்கு என்று இன்னமும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்த எண்ணம் மாற வேண்டும். ஒருவர் கவனம் சிதறாமல் நாலு மணி நேரம் வேலை பார்க்க, நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் இருப்பது ஒரு ஊருக்குத் தேவையான வசதி. அதைத் தேடுவதற்கு முறை இருக்கிறது, பயன்படுத்துவதற்கு நெறியும் இருக்கிறது. இரண்டையும் இந்தக் கட்டுரை பேசுகிறது.

யார் உட்காரலாம்?

நம் ஊரில் காபி எப்போதுமே யாருக்கு உட்காரும் உரிமை என்ற கேள்வியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காபி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது என்பதை வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அன்றைய காபி ஹோட்டல்களில் எல்லோரும் எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட முடியாது. பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. கிராமத்து டீக்கடைகளில் சாதி பார்த்து வைத்த இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டங்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீண்டன.

பெண்களின் கதை வேறு. டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. தினத்தாளைப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கமாகப் படித்து, 'இங்கே அரசியல் பேசாதீர்' என்ற போர்டுக்குக் கீழேயே அரசியல் பேசிய அந்த பெஞ்சில், ஒரு பெண் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. சைவ ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' இருந்தது. அங்கேயும் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். 1996-இல் பெங்களூரு பிரிகேடு ரோட்டில் கஃபே காபி டே முதல் கடையைத் திறந்தபோது, காபியோடு இன்டர்நெட்டையும் மணிக்கணக்கில் தந்தது. நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்து உட்காரலாம் என்ற பழக்கம் நம் பக்கம் அப்படித்தான் பரவியது. இன்று புறநகர்த் தெருவில் ஒரு பெண் தனியாக வந்து, லேப்டாப்பைத் திறந்து, யாருடைய கேள்விக்கும் ஆளாகாமல் மூன்று மணி நேரம் உட்கார முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் நீண்ட பாதை இருக்கிறது. நல்ல கஃபேக்கு நான் வைக்கும் முதல் அளவுகோலும் இதுதான்: தனியாக வரும் பெண் அங்கே இயல்பாக உட்கார முடிகிறதா? அவருக்குச் சரிப்பட்ட இடம் மற்ற எல்லோருக்கும் சரிப்படும்.

பதினொரு மணிக்குக் காலி

1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே புறநகரின் நாளுக்கு ஒரே தாளம்தான். காலையில் ஊர் காலியாகும், சாயங்காலம் நிரம்பும். கடைகளின் வியாபாரமும் அந்தத் தாளத்துக்குத்தான் ஆடுகிறது. தாம்பரத்திலோ போரூரிலோ மடிப்பாக்கத்திலோ உள்ள கஃபேயைச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பார்த்தால் நிற்கவும் இடமிருக்காது. பிறந்தநாள் கேக், குழந்தைகள், கல்லூரிக் கூட்டம், உரக்க ஓடும் பாட்டு. அதே கடையை செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாருங்கள். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. மாஸ்டர் மதியத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். கல்லாவில் இருப்பவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்.

தேடுகிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வாரக் கடைசியில் நண்பர்களோடு போய்ப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒரே சத்தம், வேலைக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அல்லது, மழை நாளில் காலியாக இருந்த கடையைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை முக்கியமான கால் ஒன்றுக்கு அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்கான கஃபே என்பது இடமும் நேரமும் சேர்ந்தது. வார நாட்களில் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு நேரம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த இரண்டரையிலிருந்து நாலரை வரை இன்னொரு நேரம். புறநகர்க் கடைகளுக்கு இவைதான் ஆள் வராத வேளைகள். வேலை பார்க்கிறவருக்குத் தேவைப்படுவதும் இவையே. நகர மையத்தில் இப்படி ஒரு பொருத்தம் கிடைப்பது அரிது. தி.நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் பகல் முழுக்க அலுவலகக் கூட்டம் வந்து போய்க்கொண்டேயிருக்கும்.

தெருவுக்குள் தேடுங்கள்

மெயின் ரோட்டில் கண்ணாடி முகப்போடு இருக்கும் பெரிய செயின் கடைதான் முதலில் கண்ணில் படும். ஏசி நிச்சயம், டாய்லெட் நிச்சயம், நேரம் கேட்டு யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். புது ஊரில் முதல் நாளைக்கு அது கைகொடுக்கும். ஆனால் ஒரு காபி இருநூறு ரூபாயைத் தொடுகிற இடத்தில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தால் மாதக் கடைசியில் கை கடிக்கும். சாலையோர டிகிரி காபிக் கடைகள் நின்று குடித்துவிட்டுக் கிளம்புவதற்கானவை. சைவ ஹோட்டலின் ஏசி ஹாலில் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே மட்டும் சிறிது நேரம் உட்காரலாம். இலை போடும் நேரத்தில் லேப்டாப்பை விரித்திருப்பது நியாயமில்லை. மாடியில் இருக்கை வைத்திருக்கும் பேக்கரிகள் பலர் கண்ணுக்குத் தப்பும் நல்ல இடங்கள். கீழே பப்ஸும் டீயும் பறக்கும். மேலே பகலில் ஆளே இருக்காது.

என் அனுபவத்தில் புறநகரின் சிறந்த வேலை மேஜைகள் இருப்பது குடியிருப்புத் தெருக்களுக்குள், பழைய வீட்டின் தரைத்தளத்தைக் கடையாக மாற்றிய கஃபேக்களில். குரோம்பேட்டையில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போகும் தெரு ஒன்றில் அப்படி ஒரு கடை. அந்தக் காலத்து மொசைக் தரையை அப்படியே விட்டிருக்கிறார்கள். முன்பு ஸ்கூட்டர் நின்ற போர்டிகோவில் நாலு மேஜை. படுக்கையறையாக இருந்த உள் அறையில் இரண்டே மேஜை, ஒரு ஜன்னல், வெளியே மாமரம். அந்த உள் அறையில் ஒரு பெண் சுவரில் முதுகு சாய்த்து, ஹெட்ஃபோன் மாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறும் அக்கா அவரிடம் எதையும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மோர் ஒன்றை வைத்தார், மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தார், போய்விட்டார். பில்லில் மோர் ஏறியிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துத் தலையாட்டிப் பணம் கொடுத்துக் கிளம்பினார். இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எந்தப் போர்டிலும் எழுதியில்லை. நல்ல கஃபேக்கான அடையாளம் அலங்காரத்தைவிட இந்த ஏற்பாட்டில்தான் அதிகம் தெரிகிறது.

இப்படிப்பட்ட கடைகள் கூகுள் மேப்பில் முதல் பக்கத்தில் வருவதில்லை. ஸ்விகி டெலிவரிப் பையன்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். மேப்பில் பார்க்கிறவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு மற்றவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். சுவரில் பிளக் பாயிண்ட் தெரிகிறதா, மேஜை எந்த உயரம், பகலில் எடுத்த படத்தில் கூட்டம் எவ்வளவு என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் நாள் சோதனை

ஒரு கடை கண்ணில் பட்டதும், முக்கியமான வேலை எதுவும் இல்லாத நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

முதலில் மின்சாரம். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் மூன்று பின் கொண்டது. பல கடைகளில் சுவரில் பிளக் இருக்கும், அதில் ஃபிரிட்ஜோ விளம்பர விளக்கோ மாட்டியிருக்கும். சின்ன எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று பையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மாட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். நடக்கிற வழியில் ஒயரை விடாதீர்கள், சூடான காபியோடு வருகிறவர் தடுக்கி விழுவார். கரன்ட் போனால் கடையின் இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் மட்டும்தானா, வைஃபை ரவுட்டரும் சேர்ந்து ஓடுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புறநகர்வாசிகளுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் காலை 9 மணியிலிருந்து மதியம் வரை மின்தடை அறிவிக்கும் நாளில்தான் கஃபே மிகவும் தேவைப்படும். அன்று உங்கள் தெருக் கஃபேயிலும் கரன்ட் இருக்காது. ஆகவே ஒரு கடை வீட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு கடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமோ வேறு துணை மின்நிலையத்தின் பகுதியிலோ என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய நாள் நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' பட்டியலைப் பார்த்தே திட்டமிடலாம்.

அடுத்தது நெட். வேகம் பார்க்கும்போது பலர் டவுன்லோடு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வீடியோ கால் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அப்லோடுதான். உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியில். எச்டி தரத்தில் ஒருவரோடு பேச இரு பக்கமும் நொடிக்கு 1.2 மெகாபிட் அளவு வேண்டும், பலர் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு 2 முதல் 3 மெகாபிட். இது பெரிய அளவு இல்லை. சிக்கல், ஒரே இணைப்பைக் கடையின் பில்லிங், கேமரா, பக்கத்து மேஜையில் படம் பார்ப்பவர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதில்தான். ரவுட்டர் கல்லாவுக்கு மேலே இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. உள் அறையில் உட்காருகிறவர் இரண்டாவதில் இணைந்து பார்க்கலாம். 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு பல இடங்களில் போனின் ஹாட்ஸ்பாட்டே போதுமானதாகிவிட்டது. அலுவலகத்தின் ரகசியமான வேலைக்கு எப்படியும் அதுவே நல்லது. பொது வைஃபையில்தான் வேலை என்றால் நிறுவனம் தந்த விபிஎன்-ஐப் போட்டுக்கொள்ளுங்கள், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் கணக்கு எண்ணையும் போனில் உரக்கச் சொல்கிறவர்களைக் கஃபேக்களில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தத் தகவல் அவர்களுடையது அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது மேஜை. சாப்பாட்டு மேஜை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதில் கை சரியாக அமரும். சோஃபாவும் முழங்கால் உயர மேஜையும் படத்துக்கு அழகு, வேலைக்கு ஆகாது. ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் திரையில் கண் கூசும், வீடியோவில் உங்கள் முகம் இருண்டு தெரியும்.

பிறகு சத்தம். ரவி மேத்தா, ரூய் ஜூ, அமர் சீமா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். 50 டெசிபல் அமைதியைவிட 70 டெசிபல் அளவான மிதமான சலசலப்பில் புதிதாக யோசிக்கும் திறன் கூடியது என்றும், 85 டெசிபலில் அது குறைந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். நாலைந்து மேஜையில் பேச்சு நடக்கும் கஃபே 70 டெசிபல் வகை. மிக்ஸி ஓடும் ஜூஸ் கவுன்டர் அருகே உட்கார்ந்தால் 85 டெசிபல் வகை. ஆகவே காபி மெஷினுக்கும் மிக்ஸிக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டாத மேஜையைப் பிடியுங்கள். சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் உங்கள் காதுக்கு மட்டும்தான் அமைதி தரும். உங்கள் மைக் வழியாக மிக்ஸி சத்தம் எதிர்முனைக்குப் போகும். பேசாதபோது மியூட்டில் இருங்கள்.

கடைசியாக டாய்லெட். இதைக் கேட்கத் தயங்கித்தான் எத்தனையோ பெண்கள் ஒரு மணி நேரத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பதற்காக யாரும் கஃபேக்குப் போக வேண்டியதில்லை. இதில் தேறாத கடை, மற்ற எதில் தேறினாலும் வேலைக்கு ஏற்றதல்ல.

நாற்காலியின் கணக்கு

கல்லாவின் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 2 லட்சம் ரூபாய் செலவு. 30 நாற்காலிகள். தினம் 12 மணி நேரம், மாதம் 30 நாள் கடை திறந்திருக்கிறது. எல்லா நாற்காலியும் எந்நேரமும் நிரம்பினால்கூட ஒரு நாற்காலிக்கு ஒரு மணி நேரத்துக்கு 18 ரூபாய்க்கு மேல் செலவு விழுகிறது. எந்தக் கடையும் அப்படி நிரம்பாது. பாதி நிரம்பினால் 37 ரூபாய். நாலு மணி நேரம் உட்காருகிறவரின் நாற்காலிக்குச் சுமார் 150 ரூபாய். பால், தூள், சர்க்கரை இதில் சேரவில்லை.

நாற்பது ரூபாய் ஃபில்டர் காபி ஒன்றை வாங்கிவிட்டு நாலு மணி நேரம் உட்காருகிறவர் கடைக்காரரின் பணத்தில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் இல்லாத நேரத்தில் அது பெரிய நஷ்டமில்லை; அந்த நாற்காலி எப்படியும் காலியாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் பகல் பதினொரு மணிக்கு வந்து 150 ரூபாய்க்கு ஆர்டர் கொடுப்பவர் கடைக்குக் கூடுதல் வருமானம். அதே ஆள் அதே 150 ரூபாயோடு சனிக்கிழமை மாலை உட்கார்ந்தால், நாலு பேர் கொண்ட குடும்பம் வாசலோடு திரும்பிப் போகிறது. வாடிக்கையாளரும் அவரே, பணமும் அதுவே. நேரம் மாறியதும் லாபம் நஷ்டமாகிறது. 'லேப்டாப் அனுமதி இல்லை' என்று போர்டு மாட்டும் கடைக்காரர்கள் மேல் கோபப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் நாள் முழுக்க ஒரே டீயோடு உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள்.

கேட்டுவிட்டு உட்காருங்கள்

இதற்கு வழி எளிது. முதல் நாளே கல்லாவில் போய்க் கேளுங்கள்: "அண்ணா, வாரத்துல ரெண்டு மூணு நாள் வந்து இங்க உட்கார்ந்து வேலை பார்க்கலாமா? எந்த நேரம் உங்களுக்கு வசதி?" இந்தக் கேள்விக்கு முகம் சுளித்த கடைக்காரரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் அவரே நல்ல மேஜையைக் காட்டுவார், கூட்டம் வரும் நாட்களைச் சொல்வார், வைஃபை பாஸ்வேர்டைக் கேட்காமலே தருவார். கேட்காமல் உட்காருகிறவருக்குக் கிடைக்கிற இடம், எழுந்து போங்கள் என்று எப்போது சொல்வார்களோ என்ற பதற்றத்தோடுதான் கிடைக்கிறது.

ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் காபியாகவே இருக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இடையிடையே மோர், சுக்குக் காபி, லெமன் சோடா, ஒரு சுண்டல். மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொண்டால் கடைக்கும் உங்களுக்கும் நல்லது. வீட்டு டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். தனியாக வந்தால் நாலு பேர் மேஜையைப் பிடிக்காதீர்கள். கூட்டம் வந்தால் யாரும் சொல்வதற்கு முன் எழுந்துவிடுங்கள். நீண்ட கால் என்றால் வெளியே போய்ப் பேசுங்கள்.

பரிமாறுகிறவர்களையும் நினைக்க வேண்டும். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாம் மணிக்கணக்கில் உட்காருவதற்காக நின்றுகொண்டே இருப்பவர்கள் அவர்கள். பெயர் தெரிந்து பேசுவதும், கிளம்பும்போது மேஜையை ஒழுங்காக விட்டுப் போவதும், முடிந்தபோது கையில் பத்து இருபது கொடுப்பதும் நம் கடமை.

பையில் இருக்க வேண்டியவை

● முழு சார்ஜோடு லேப்டாப். மூன்று பின் போடக்கூடிய சின்ன எக்ஸ்டென்ஷன் போர்டு
● மைக் உள்ள ஹெட்ஃபோன். நெட் போனால் கைகொடுக்க போனில் போதிய டேட்டா
● ஏசி குளிருக்கு ஒரு துப்பட்டா அல்லது மெல்லிய சட்டை
● மழைக்காலத்தில் லேப்டாப்புக்கு நீர் புகாத உறை. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திரும்பும் வழியையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்
● அன்று முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல். கஃபே நேரத்துக்குக் காசு கொடுக்கிறோம். எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே முதல் காபி ஆறிவிடக் கூடாது

கஃபே மட்டும் போதாது

எல்லோராலும் நாளுக்கு 150 ரூபாய் கொடுக்க முடியாது. வேலை தேடிக்கொண்டிருப்பவர், புதிதாகத் தொழில் தொடங்கியவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் ஆகியோருக்குப் பொது இடம் வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி கொளத்தூரில் இருக்கிறது. 2024 நவம்பர் 4-ஆம் தேதி திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பகம்' பகிர்ந்து வேலை பார்க்கும் இடம், மாணவர்கள் படிக்கும் இடம், உணவருந்தும் இடம் மூன்றையும் ஒரே கட்டடத்தில் சேர்த்தது. வேலை மேஜைக்குக் கட்டணம் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய், மாதத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு கோ-வொர்க்கிங் நிறுவனத்தில் இந்த விலைக்கு இடம் கிடைக்காது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், நல்ல பொது இடம் கட்டினால் மக்கள் நிரம்பி வழிவார்கள் என்பதைக் காட்டிவிட்டன.

தாம்பரமும் ஆவடியும் இன்று மாநகராட்சிகள். அவற்றின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு படைப்பகம் வேண்டும். ஊருக்குள் இருக்கும் கிளை நூலகங்களில் ஓர் அறையில் நாலு பிளக் பாயிண்டும் ஒரு நல்ல இணைப்பும் கொடுத்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். சின்னக் கடைகள் உரிமம் எடுக்காமலே பொது வைஃபை தர வழி செய்யும் பி.எம்.-வாணி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. தெருமுனை டீக்கடைகள்கூட அதைப் பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் அலுவலகத்தின் இடமும் ஏசியும் காபியும் மிச்சமாகின்றன. அதில் ஒரு பங்கை வேலை மேஜைக்கான படியாக ஊழியருக்குத் தருவது நியாயம்.

கஃபே உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'லேப்டாப் அனுமதி இல்லை' என்ற போர்டுக்குப் பதில் இப்படி ஒரு போர்டு வையுங்கள்: "திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10.30 முதல் 12.30, மதியம் 2.30 முதல் 4.30. வேலை மேஜை, வைஃபை, இரண்டு காபி, ஒரு சிற்றுண்டி." விலையை நீங்களே வையுங்கள். வருகிறவருக்கு என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெரியும். உங்களுக்கு வார நாள் வருமானம் வரும். சனி, ஞாயிறு குடும்பங்களுக்கு மேஜை காலியாக இருக்கும். வாய்மொழியாகச் சில கடைகளில் ஏற்கெனவே நடப்பதுதான் இது. எழுதி வைத்தால், கேட்கத் தயங்குகிறவருக்கும் அந்த மேஜை கிடைக்கும்.

தொண்ணூறு ஆண்டுகளாகக் காலையில் காலியாகிப் பழகிய புறநகரில், இப்போது பகலிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தங்கள் தெருவில் எந்தப் பள்ளம் மூடப்படவில்லை, எந்த விளக்கு எரியவில்லை, எந்த ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. வெளியே போய் வர ஓர் இடம் இருந்தால்தான் அது தெரியும். நாலு சுவருக்குள்ளேயே அடைந்து கிடந்தால் தெரியாது. பகலில் உட்கார நல்ல இடம் உள்ள ஊரில்தான் அந்த ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும் மனிதர்களும் உருவாவார்கள். வரும் வார நாள் ஒன்றில் பதினொரு மணிக்கு உங்கள் பகுதிக் கடை ஒன்றுக்குள் போய், எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். கடைக்காரரும் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.